ஒரே கம்பத்தில் இரண்டு லைன்

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் எழுதக் கற்றேன். இன்று கை வேறு வலிக்கிறது. மருமகள் இந்தத் தாளைப் போட்டோ எடுத்து நெட்டில் போடுவாள்.

மாரண்டஹள்ளியில் மருமகள் செல்வி கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். இன்று ஐந்து மணிக்குள் ஒரு பெண் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். பாதியில் நெட் நின்றுவிட்டது.

"பயப்படாத கண்ணு, இன்னொரு லைன் இருக்குது," என்றாள் செல்வி.

அதுவும் வரவில்லை. அந்தப் பெண் அழத் தொடங்கினாள்.

வெளியே போய்ப் பார்த்தேன். தக்காளிப் பெட்டிகளை உயரமாக அடுக்கிய லாரி, கம்பத்தில் வந்த இரண்டு நெட் ஒயர்களையும் அறுத்துவிட்டுப் போயிருந்தது.

"ஏம்மா, ரெண்டு கம்பெனி லைன் வாங்கி ஒரே கம்பத்துலயா கட்டுன?"

"அப்புறம் திட்டுங்க மாமா, மொதல்ல இதப் புடிங்க!"

சிம் போட்ட சின்ன ரவுட்டர். கடைக்குள் சிக்னல் இல்லை. வாசலில் காலிப் பெட்டி மேல் ஏறி, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

"தாத்தா, கையெ எறக்காதீங்க! ஸ்கிரீன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்குதுங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் அந்தப் பெண்.

மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன்.

"அனுப்பியாச்சுங்க தாத்தா!"

கை இறங்கவில்லை. செல்விதான் வந்து மடக்கிவிட்டாள். எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

கடை வைத்திருப்பவர்களே, உங்கள் இரண்டாவது லைன் எந்தக் கம்பத்தில் வருகிறது? பார்த்துவிட்டு எழுதுங்கள். கைவலி விட்டதும் அடுத்த வாரம் பதில் எழுதுகிறேன். எங்கள் கடையில் இப்போதைக்கு மூன்றாவது லைன் நான்தான்.