ஒரே உயரத்தில் ஒரு கோடு

படப்பையில் ஏறிய ஷேர் ஆட்டோவில், பாட்டு உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் ஓட்டுநர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். யாராவது குமிழைத் திருகினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். உனக்குச் சிரிப்பாக இருக்கும். சிரி, ஆனால் கேள்.

தொண்ணூற்றொன்றில் ஒரகடம் பக்கம் கம்பெனியா, பாலமா? வேலிக்காத்தான் முள்ளுக்கு நடுவே எங்கள் ரேடியோ தொலைநோக்கியும் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டும்தான். உள்ளே ஈயப்பற்று வாடை, எலி வாடை, முனைவர் பட்டக் கனவோடு நான். நட்சத்திரங்கள் பிறக்கும் மேகங்களில் இருக்கும் நீராவி, ரேடியோ அலையைத் தானே பெருக்கி அனுப்பும். எங்கள் கருவி வரையும் தாளில் அது ஊசிபோல ஒரு கோடாக எழும். அது திடீரென்று உயர்வதைப் பிடிப்பதுதான் என் ஆராய்ச்சியே.

கொடுமை என்னவென்றால், எனக்கு வழிகாட்டிய பேராசிரியர் அதே மேகத்தைக் கருவிக்கு அளவுகோலாகவும் வைத்திருந்தார். காலையில் வந்ததும் கோடு போன வருஷத்து உயரத்துக்கு வரும்வரை, அலையைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகவேண்டும். பிறகுதான் வேலை, காபி எல்லாம்.

ஒருநாள் கோடு எகிறியது. தொலைநோக்கித் தட்டைத் திருப்பும் வல்லக்கோட்டை மெக்கானிக் ஏழுமலைதான் முதலில் பார்த்தார்.

"இன்னா மேடம், நேத்த வுட மேல ஏறிக்கினு கீது?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. பேராசிரியரிடம் ஓடினேன்.

"கருவி கெட்டுப்போச்சும்மா. குறை."

"சார், நிலாவையும் பாத்தோம். அது அப்படியேதான் இருக்கு. இது மட்டும்தான் ஏறுது."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

அவரே திருகிக் குறைத்தார். மறுநாளும் ஏறியது, மறுநாளும் திருகினார். எவ்வளவு என்று எங்கும் குறிக்கவில்லை. குறைத்த குறையில் இப்போது தாளில் நிலாவே மங்கிவிட்டது என்று காட்டினேன். "உனக்கு நிலாவைக்கூடப் பாக்கத் தெரியல" என்று சொல்லி, நிலா பார்ப்பதையே நிறுத்திவிட்டார் மகானுபாவர்!

சில வாரம் கழித்து, வெளிநாட்டுக்காரர்கள் அதே மேகத்தில் பெரிய வெடிப்பைப் பிடித்ததாகச் செய்தி வந்தது. படித்துவிட்டு என்னைத்தான் முறைத்தார்.

"இத ஏம்மா நீ என்கிட்ட சொல்லல?"

ஏழுமலை வெளியே போய்க் காறித் துப்பினார். எனக்கு வேறு தலைப்பு கொடுத்தார்கள். நான் அதையும் முடிக்கவில்லை.

இன்று அந்த ஷெட் இருந்த இடத்தில் புதுக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. திட்டித் தீர்க்கலாம் என்றால் அந்த மனுஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார். மேகமும் எப்போதோ அடங்கிவிட்டது. அது பொங்கிய நாட்களின் தாள்களை மட்டும் நான் தூக்கி எறியவில்லை. எதை எடுத்துப் பார்த்தாலும் கோடு அதே உயரம்தான், வானத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.