இரண்டு மில்லிமீட்டர் விளிம்பு

ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று ஹெதரும் அவள் அப்பா ரோலண்டும் தோட்டக் கொட்டகையின் கூரைக்குத் தார்த்தாள் அடித்தார்கள். அவள் ஏணியில். அவர் கீழே, வாயில் நாலு ஆணி. வாயில் ஆணி வைத்திருப்பவர் பேசக்கூடாத அளவுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"மேலேருந்து ஆரம்பிச்சா சீக்கிரம் முடியும்."

"கீழேருந்துதாம்ப்பா. மேல் தாள் கீழ்த் தாள் மேல ஏறி உக்காரணும். இல்லேன்னா தண்ணி உள்ள போயிடும்."

"இந்த ஊர் மழை உன் இன்ஜினியரிங் புத்தகத்தை எல்லாம் படிச்சிருக்காது."

"பதினோரு வருஷமா ஒழுகுது. இப்ப என்ன திடீர் அவசரம்?"

"யாராவது வந்தா நனையக் கூடாதில்ல."

"இங்க யாருப்பா வரப்போறா? சிலந்தியா?"

அவர் அடுத்த ஆணியை நீட்டினார். அவள் கிளம்பும்போது, "உன் வெர்னியர் அளவியை ஒரு ரெண்டு வாரம் விட்டுட்டுப் போ" என்றார். பாலங்களைச் சோதிப்பது அவள் வேலை; தகடுகளின் தடிப்பை நுட்பமாக அளக்கும் கருவி அது. மறுநாள் காலை ஒரு பாலம் காத்திருந்தது. அந்த அவசரத்தில் ஏன் என்று கேட்காமல் விட்டுப்போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, தபால் பெட்டிக்குப் போகும் வழியில் அவர் இதயம் நின்றுவிட்டது. வயது எழுபத்தாறு.

அந்தக் கொட்டகை எழுந்த கதை இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் அவர்கள் தெருவுக்கே தெரியும். ரோலண்ட் நாற்பது ஆண்டு பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போட்டவர். ஓய்வு பெற்ற மூன்றாம் நாள் சமையலறைச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினார். கெட்டில் 10.10. துணி உலர்த்தல் 11.25. நாலாம் நாள் அலமாரியை ஆங்கில அகரவரிசையில் அடுக்கினார். பீன்ஸ், பிஸ்கட், பூட் பாலிஷ் எல்லாம் ஒரே தட்டில். ஐந்தாம் நாள் அவர் மனைவி பெரில் சொன்னார்: "தோட்டத்துல போய் ஏதாவது கட்டேன், ரோலண்ட்."

கட்டினார். அதன்பின் காலை பத்துக்கு உள்ளே போனால் மாலை நாலுக்குத்தான் வெளியே. மதியம் பெரில் சாண்ட்விச் தட்டை வாசற்படியில் வைப்பார், கதவை ஒரு தட்டு தட்டுவார், திரும்பிவிடுவார். "நன்றி, பெரில்!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பதினோரு ஆண்டில் ஒருநாளும் பெரில் அந்தக் கதவைத் திறந்ததில்லை. கேட்டால், "கூப்பிடாத இடத்துக்கு நான் போறதில்ல" என்பார்.

அடக்கம் முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டு ட்ரெவர் அளவு நாடாவுடன் வந்தார். அவர் புறா வளர்ப்பவர்; கூண்டுக்கு ஒரு கொட்டகை தேடிக்கொண்டிருந்தார்.

"அவசரமே இல்ல, கண்ணு" என்றார் ஹெதரிடம், கொட்டகையின் அகலத்தை அளந்துகொண்டே. "வர்ற சனிக்கிழமை கெடைச்சாக்கூடப் போதும்."

"தாராளமா எடுத்துட்டுப் போ, ட்ரெவர்" என்றார் பெரில், சமையலறை ஜன்னலிலிருந்து.

"அம்மா!"

"என்ன அம்மா? உங்கப்பா என்கிட்டேருந்து தப்பிக்கறதுக்குக் கட்டின இடம் அது. நாப்பத்தொம்பது வருஷம் குடும்பம் நடத்தினவ மூஞ்சியை நாளைக்கு ஆறு மணி நேரம் பாக்காம இருக்க ஒரு வீடு! ஜன்னல் வழியா அதைப் பாத்துக்கிட்டே நான் பாத்திரம் கழுவணுமாக்கும்?"

கையிலிருந்த தட்டை மூன்றாம் முறையாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை, ட்ரெவர் வருமுன் காலி செய்துவிட ஹெதர் கொட்டகைக்குள் போனாள். தலைக்கு மேல் கூரையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமில்லை.

உள்ளே இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது, உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்தது. இன்னொன்று பச்சை நிறம், மெத்தை வைத்தது. கடையில் போட்ட பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்கப்படவில்லை. உறையின் மேல் பழைய ஒழுகலின் கறை. விநியோகச் சீட்டில் தேதி இருந்தது. கொட்டகை கட்டி முடித்த அதே வாரம்.

அலமாரியில் ஆறு கோப்பைகள், பக்கத்தில் அவளுடைய வெர்னியர் அளவி. ஒவ்வொரு கோப்பைக்கும் அட்டவணைக்காரரின் பொடி எழுத்தில் ஒரு சீட்டு. 'தடிப்பு, 4.8 மி.மீ.' 'தடிப்பு, 4.1. நிறம் அவளுக்குப் பிடிக்கும்.' 'கைப்பிடியில் அவள் விரல் நுழையாது.' ஏழாவதாக ஒரு தகர டப்பா, உள்ளே பீங்கான் துண்டுகள். 'மெல்லியது. கீழே போட்டுவிட்டேன்.'

தடித்த விளிம்புக் கோப்பையில் பெரில் தேநீர் குடிக்க மாட்டார். மாட்டுத் தொட்டியில் வாய் வைப்பது போலிருக்கிறதாம்.

ஹெதர் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, கொட்டகைக்கு வா."

"கூப்பிடாத இடத்துக்கு—"

"கூப்பிட்டிருக்கார். வந்து படி."

பெரில் வந்தார். எல்லாச் சீட்டையும் படித்தார். டப்பாவை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.

"மடையன்" என்றார். "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என் கோப்பையை நானே கையில எடுத்துட்டு வந்திருப்பேனே!"

"நீ கதவைத் திறந்திருக்கலாமேம்மா."

"அது மரியாதையில்லையே!"

வாசலில் ட்ரெவர், கையில் கடப்பாரை. பெரில் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் நொறுநொறுவென்றது.

"ட்ரெவர், உன் புறாவுக்கு வேற இடம் பாரு. இங்க ஆள் இருக்கு."

"அவசரமே இல்லைன்னுதான் சொன்னேன்" என்றார் ட்ரெவர், மிகுந்த வருத்தத்துடன். "தீனிப் பெட்டிதான் வாங்கிட்டேன்."

ஹெதர் அப்பாவின் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்தாள். இருப்பதில் மெல்லியது 4.1. பெரில் ஒரு வாய் குடித்தார்.

"மாட்டுத் தொட்டி" என்றார். முழுவதும் குடித்தார்.

தேநீர்த் தூளைத் திரும்ப வைக்கப்போன ஹெதர் கொட்டகைக் கதவின் உட்புறத்தைப் பார்த்தாள். பென்சிலில் வேலைப் பட்டியல். எல்லாவற்றுக்கும் நேரம், எல்லாவற்றுக்கும் டிக். 'ஞாயிறு, கூரை, ஹெதருடன்' என்பதற்கும் டிக். அதன் கீழே, இறந்த மறுநாள், அவர் பார்க்காத சனிக்கிழமைக்கு ஒரு வரி:

'9.40 பஸ். சந்தை. கோப்பை, 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். 11.15க்குப் பெரிலைக் கூப்பிட வேண்டும்.'

அதற்கு டிக் இல்லை.