இவர் சொன்ன நாலு சொல்

அறுபதுகளில் நாங்கள் உருத்திரபுரத்தில் குடியேற்றக் காணியில் நெல் விதைத்துக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருடம், பிள்ளை இல்லை. மார்பின் பாரம் என்னைக் குனியவிடாது. களை பிடுங்கப் போனால் பத்து நிமிடத்தில் பிடரி விறைத்துவிடும். உள்சட்டைப் பட்டி தோளில் பள்ளம் போட்டிருந்தது. மார்புக்குக் கீழே வேர்வையில் தோல் வெந்து புண்ணாகும். "உடம்பு வாகு" என்று மாமியார் சொல்லிவிட்டார். எந்த வருத்தத்துக்கும் அவரிடம் இருந்தது அந்த ஒரு மருந்துதான்.

என் கணவர் எங்கோ விசாரித்துவிட்டு வந்து, கொழும்பில் மார்பைச் சிறிதாக்க ஒப்பரேஷன் செய்கிறார்களாம் என்றார். நான் நம்பவில்லை. நோயில்லாத சதையை எந்த டாக்குத்தர் வெட்டுவார்? இருந்தாலும் ரயிலேறினேன். நோவு அப்படி.

டாக்குத்தருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலிஷ் தெரியாது. நடுவில் கொஞ்சம் இங்கிலிஷ் படித்த இவர். டாக்குத்தர் நீட்டி முழக்கிக் கதைத்தார். ஓரிடத்தில் இவருடைய முகம் கறுத்துப்போனது.

"என்னவாம்?" என்றேன்.

"பெரிய விஷயமில்லை, பயப்பிட வேண்டாமாம்."

அவ்வளவு கதைக்கும் நாலு சொல்தானா? எங்கள் பக்கத்தில் புற்றுநோய் என்றால் நோயாளிக்குச் சொல்லமாட்டார்கள், வீட்டு ஆம்பிளைக்குத்தான் சொல்வார்கள். எனக்கும் அதுதான் என்று முடிவுகட்டினேன்.

ஒப்பரேஷன் முடிந்து கண் விழித்தபோது நெஞ்சை இறுக்கிக் கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் இரத்தம் வடிய ரப்பர் குழாய். மல்லாந்துதான் படுக்கலாம். கட்டுப் பிரித்த அன்று பார்த்தேன். காம்பைச் சுற்றி ஒரு தையல், அங்கிருந்து கீழே ஒன்று, அடிமடிப்போடு நீளமாய் இன்னொன்று. காம்பைத் தொட்டால் உணர்ச்சியே இல்லை.

"இப்பிடி வருமெண்டு டாக்குத்தர் முந்தியே சொன்னவரோ?"

"ஓம், சொன்னவர்."

எனக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

ஆறு கிழமைக்குக் கையை உயர்த்தக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. இவரே தண்ணீர் அள்ளினார், என் தலையைச் சீவிவிட்டார். சாகப்போகிறவளுக்குத்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைத்தேன். மாதக்கணக்காய் இவர் முகத்தையே வேவு பார்த்தேன். ஆனால் நான் சாகவில்லை. பிடரி நோவு போனது, வயலில் குனிந்து நின்று களை பிடுங்கினேன். அடுத்த வருடம் வயிற்றில் பிள்ளையும் தங்கியது. இந்த மனுசன் என்னிடம் நோயை மறைக்கிறார் என்று நினைத்தேனே என்று வெட்கப்பட்டேன்.

மகள் பிறந்து நாலு நாளாகியும் பால் சுரக்கவில்லை. பால் ஊறுமென்று மாமியார் பால்சுறா மீனை வறுத்து வறுத்துத் தந்தார். பிள்ளை கத்திக் கத்திக் குரல் கம்மிவிட்டது. அப்போது இவர் அலுமாரியைத் திறந்து, தன் வேட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பால்போத்தல். சுற்றியிருந்தது கொழும்புக் கடைப் பை. நாங்கள் கொழும்புக்குப் போனது அந்த ஒருதரம்தான்.

"அண்டைக்கே தெரியுமோ உங்களுக்கு?"

"ஓம். பால் வராமல் போகலாமெண்டு டாக்குத்தர் சொன்னவர். சொல்லியிருந்தா நீர் வேண்டாமெண்டிருப்பீர்."

உண்மைதான், வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல வேண்டியவள் நான்.

பிள்ளையைத் தூக்கிப் போத்தலை வாயில் வைத்தேன். நெடுநேரம் வைத்திருந்தும் தோள் நோகவில்லை. அது நோகவில்லை என்று உணர்ந்தபோதுதான் அழுகை வந்தது.

அதற்குப் பிறகு எந்த டாக்குத்தரிடம் போனாலும் இவரை வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டுத்தான் உள்ளே போவேன். பாஷை விளங்காவிட்டால் பரவாயில்லை, டாக்குத்தரின் முகத்தை நானே பார்த்துக்கொள்வேன்.