கடைசி வருடத்துக்கு ஒரு புள்ளடி

பாடசாலைகளில் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்ப்பது என் பகுதிநேர வேலை. அந்த அறையில் எல்லாருக்காகவும் வாய் திறப்பவன் நான்தான், சொந்தமாக ஒரு கருத்தும் இருக்கக்கூடாதவனும் நான்தான். இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் அப்பாவோடு வங்கிக்கும் அம்மாவோடு டொக்டரிடமும் போய் இதே வேலையைச் சின்னவயதிலேயே செய்து களைத்தவர்கள். ஆகவே உங்களுக்கு நான் விளக்க ஒன்றுமில்லை. கீழே வருகிற பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என் முதல் மொழிபெயர்ப்பு

பத்து வயதில் எனக்கு நானே மொழிபெயர்ப்பாளன். சுவிஸில், வின்டர்தூரில் என் வகுப்பாசிரியர் அம்மாவை எதிரில் இருத்தி, நான் வாய் திறப்பதே இல்லை, கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறேன், வீட்டுவேலையைப் பாதியில் விட்டுவிடுகிறேன் என்று ஐந்து நிமிடம் கதைத்தார். நான் அம்மாவிடம் திரும்பி, "நல்ல பிள்ளையாம்" என்றேன்.

நீங்கள் வேறு மாதிரியா செய்திருப்பீர்கள்? இப்போது பல பாடசாலைகள் பிள்ளைகளைச் சொந்தப் பெற்றோருக்கு மொழிபெயர்க்க விடுவதில்லை. என்னைப்போன்ற பழைய குற்றவாளிகளைக் கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு அம்மா ஆசிரியருக்குத் தலையாட்டி நன்றி சொல்லி, வெளியே வந்து படியில் நின்று கேட்டார்: "அந்த மனுசன் இவ்வளவு நேரமும் கையைக் காலை ஆட்டினது இந்த ரெண்டு சொல்லுக்கோ?"

மூன்று நாட்டுப் புத்திமதி

போன மாரியில், பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிற ஒரு கிம்னாசியப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே படிக்கிற நிலானிக்குப் பதினேழு வயது. அங்கே கடைசி வருடத்துக்கு ஒவ்வொரு மாணவரும் ஒரு மேலதிகப் பாடத்தைத் தெரிவுசெய்து, படிவத்தில் அதன் பெட்டிக்குள் புள்ளடி போட்டு, பெற்றோரின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். நிலானி புவியியலுக்குப் போடுவாள்; அவளுடைய அப்பா சிவநேசன் அழித்துவிட்டு உயிரியலுக்குப் போடுவார். வகுப்பாசிரியை படிவத்தை எடுத்துக் காட்டினார். இரண்டு பெட்டிகளும் இருந்த இடம் அழிறப்பர் பட்டுப் பட்டு பஞ்சுபோல மெலிந்திருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

சிவநேசன் அங்கிள் முதியோர் இல்லமொன்றில் சமையல் செய்கிறவர். வேலை முடிந்து நேரே வந்திருந்தார்; நிலானியும் பக்கத்தில் இருந்தாள். மனைவி வசந்தி அன்ரி கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து விரித்தார். லண்டன் பெரியப்பா சொன்னது: இரசாயனம் இல்லாமல் மருத்துவம் நினைக்கவே வேண்டாம். ரொறன்ரோ சித்தி சொன்னது: கடைசி வகுப்புப் பாடங்களைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிற ஒன்றுவிட்ட தம்பி சொன்னது: உயிரியல் பிரிவு எடுக்காதவன் மருத்துவபீட வாசலையும் மிதிக்க முடியாது. மூன்றும் அந்தந்த நாட்டில் சரிதான். எனக்குக் கருத்து இல்லையாதலால் மூன்றையும் அப்படியே ஜெர்மனில் சொன்னேன். ஆசிரியை கவனமாகக் குறித்துக்கொண்டார். அன்ரி கொப்பியை மூடிவிட்டு மெல்லச் சொன்னார்: "எல்லாரையும் கேட்டாச்சு தம்பி. இந்த நாட்டுக்காரரைத்தான் இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை."

மேசையில் லண்டன்

ஆசிரியை சொன்னது இதுதான்: மட்டூரா என்ற கடைசிப் பரீட்சையில் சித்தியடைந்தால் எந்த மேலதிகப் பாடம் எடுத்திருந்தாலும் இங்கே பல்கலைக்கழகம் திறந்திருக்கும். மருத்துவத்துக்கு மட்டும் தனியாக ஒரு தேர்வு உண்டு. அதுவும் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடம் எடுத்தாய் என்று கேட்காது. நானும் இதே நாட்டில் படித்தவன், எனக்கும் இது தெரியும். ஆனால் வீட்டில் சோறு தின்னும்போது தெரிந்திருந்த விஷயம், அந்தத் தகப்பனின் முகத்துக்கு நேரே தமிழில் சொல்லும்போது வேறு மாதிரி இருந்தது. ஏதோ நம்பமுடியாத கதையை நான் கட்டிவிடுவதுபோல எனக்கே குரல் இறங்கிவிட்டது.

அங்கிள் ஆசிரியையிடம் அனுமதி கேட்டு, கைத்தொலைபேசியை மேசை நடுவில் வைத்து லண்டன் அண்ணரை எடுத்தார். ஐந்து பேரும் அந்தத் தொலைபேசியைச் சுற்றிக் குனிந்திருந்தோம். "அண்ணை, மொழிபெயர்க்கிற தம்பி சொல்றார், இஞ்சை அப்பிடியில்லையாம். எதைப் படிச்சாலும் எதுக்கும் போகலாமாம்." அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்: "அப்பிடி ஒரு நாடு இருக்கேலாது. உந்த மொழிபெயர்க்கிற பெடியன் பிழை விடுறான்."

நான் என்றால் யார்

எங்கள் வேலையில் ஒரு விதி: பேசுகிறவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்க முடியாது. தொலைபேசியை வைத்தபிறகு அங்கிள் என்னைப் பார்க்காமல் படிவத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். "நானும் ஊரிலை படிக்கேக்கை ஒரு ஃபோம் நிரப்பினனான். எனக்கு உயிரியல்தான் விருப்பம். இப்ப கதைச்சாரே, அவர்தான் கணிதம் எடு எண்டவர். எடுத்தன், சரிவரேல்லை. பிறகு திரும்பிப் போக வழியில்லை. ஒரு புள்ளடி." இருபத்திரண்டு வயதில் ஒன்றையும் இழக்காத நான், ஜெர்மனில் 'நான்' என்று தொடங்கி அதை முழுக்கச் சொன்னேன். நிலானி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் அன்றைக்குத்தான் கேட்கிறாள் என்று விளங்கியது.

அங்கிள் அதே கேள்வியை மூன்று தரம் கேட்டார். புவியியல் எடுத்தாலும் டொக்டருக்குப் போகலாமோ? சங்கீதம் எடுத்தால்? விளையாட்டு எடுத்தால்? மூன்று தரமும் ஆசிரியை அதே பொறுமையோடு "ஓம்" என்ற பொருளில் தலையசைத்தார். அதை மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை. அங்கிள் கதிரையில் சாய்ந்தார். பெரிய பாரமொன்றை இறக்கி வைத்தவர்போலவும் இல்லை. தூக்க வந்த பாரத்தைக் காணவில்லை என்று தேடுகிறவர்போல இருந்தார். "அப்ப நான் சொல்ல ஒண்டும் இல்லை," என்றார். "என்ன விருப்பமெண்டு இவவைக் கேக்கிறதுதான் மிச்சம்."

நிற்கிற மலை

கேட்டார். "ஏன் பிள்ளை உனக்குப் புவியியல்?"

நிலானி வகுப்போடு மலைக்குப் போன கதையைச் சொன்னாள். "அங்கை ஐஸ் இருக்கெல்லோ அப்பா, பள்ளத்தாக்கு நிறைய, பனியாறு எண்டு சொல்றது. போன வருசம் எங்களுக்கு மேல் வகுப்பு அதுக்குக் குறுக்காலை சிவப்புப் பெயின்ற் அடிச்ச கல்லுகளை நேர்கோடா அடுக்கிப்போட்டு வந்தது. நாங்கள் போய்ப் பாக்க அது வில்லு மாதிரி வளைஞ்சு கிடக்கு. நடுவிலை கெதியா ஓடுது, கரையிலை மெதுவா. ஒருத்தரும் தொடேல்லை. நான் அதிலை நிண்டனான் அப்பா, எனக்கு ஓடுறது தெரியேல்லை." இரண்டு கைகளாலும் அந்த வளைவை மேசையில் போட்டுக் காட்டினாள். மருத்துவத் தேர்வும் எழுதுவாளாம். ஆனால் அந்தக் கல்லுகள் எவ்வளவு தூரம் போகுதென்று அதற்கு முதல் தெரிய வேண்டுமாம்.

ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க மறந்துபோயிருந்தேன். அன்ரி அந்த வெறும் மேசையில், மகளின் கை போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் பேனையை எடுத்தார். பென்சில் இல்லை, பேனை. புவியியலுக்குப் புள்ளடி போட்டு, கையெழுத்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே மலை ஒன்றும் தெரியாது, சைக்கிள் நிறுத்துமிடம்தான். "இருவத்தாறு வருசமா ரெயினுக்குள்ளை இருந்து அந்த ஐஸ் மலையளைப் பாக்கிறன்," என்றார். "நிக்குது எண்டெல்லோ நினைச்சனான்."

கோயில் மண்டபத்தில்

சித்திரையில் ஒரு நாள் கோயில் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் அங்கிள் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவரின் மகனுக்கு அடுத்த வருடம் பாடம் தெரிவுசெய்ய வேண்டும். அங்கிள் மட்டூரா, மருத்துவத் தேர்வு எல்லாவற்றையும் ஒரு சொல்லும் பிசகாமல் விளக்கினார். நான் தமிழில் சொன்ன அதே வசனங்கள், அதே ஒழுங்கில். என் வாயிலிருந்து போன சொல் இன்னொருவரிடம் இப்படிக் குடியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

மற்றவருக்குச் சந்தேகம். "எல்லாம் சரி. ஆனா டொக்டருக்குப் போற பிள்ளைக்கு ஏன் புவியியல்?" என்றார். "அவவுக்கு விருப்பம்," என்றார் அங்கிள். மற்றவர் தட்டைப் பிடித்தபடி மிச்சக் காரணத்துக்காகக் காத்துநின்றார். அங்கிள் ஒரு கரண்டி பருப்பை வாங்கிக்கொண்டு சொன்னார்: "அவ்வளவுதான் ஐசே, சொல்லி முடிஞ்சுது."

இரண்டு மொழிக்காரருக்கு நடுவில் இருக்கத்தான் எனக்குப் பயிற்சி தந்தார்கள். அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் போய் இருந்தது ஒரே மொழி பேசுகிற ஒரு அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில்.