பாட்டிலில் ஒரு மூடி ப்ளீச்

பிள்ளைகளா, அப்பா வேலைக்குச் சாக்கடைத் தண்ணீர் எடுத்துப் போகிறார் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தீர்களே, அது பொய்யில்லை. அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். ஆய்வுக்கூடத்தில் பாட்டில், தட்டு கழுவுகிற கான்ட்ராக்ட் வேலை. அங்கே ஒரு மேடம், மருந்துக்கு மசியாத ஒரு பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்கு ஃபேஜ் என்று பெயர். மனிதரை ஒன்றும் செய்யாது. பாக்டீரியா நிறைய இருக்கிற இடத்தில்தான் அதுவும் இருக்கும், அதனால்தான் சாக்கடை. வாரம் ஒருமுறை, காலையில் தொம்மலூர் சாக்கடைக் கால்வாயில் பாட்டிலை நிரப்பி பஸ்ஸில் கொண்டுபோவேன்.

தட்டில் பாக்டீரியா வெள்ளையாகப் படர்ந்திருக்கும். மேடம் அதில் என் தண்ணீரை வடிகட்டி விடுவார்; ஃபேஜ் இருந்தால் வட்ட வட்டமாக ஓட்டை விழும். ஐந்து வாரமாக ஓர் ஓட்டையும் விழவில்லை. அந்த மாதத்தோடு தேடுவதை நிறுத்திவிடச் சொல்லிவிட்டார், ஆய்வுக்கூடத்தை நடத்துகிற பெரிய சார். அன்று மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"என்ன மேடம், பூச்சி சிக்கலையா?"

"பூச்சி இல்லண்ணா, ஃபேஜ். அதோட வால்ல இருக்கிற புரதம்தான் பாக்டீரியாவ அடையாளம் பார்த்துப் பிடிக்கும். அப்புறம் உள்ள பெருகும். பெருகினதும் ஒரு புரதம் உள்சவ்வுல ஓட்டை போடும், இன்னொண்ணு அது வழியா போய் சுவர அறுக்கும். டப்புனு வெடிச்சிடும்."

"இது தெரிஞ்சா எங்க ஹவுஸ் ஓனர் யாருக்கும் வாடகைக்கே விடமாட்டார் மேடம்."

சிரித்துவிட்டார். "ஆனா அந்த வால் புரதம் கெட்டா பிடிக்கவே முடியாதுண்ணா. சூடு ஆகாது, ப்ளீச் ஆகாது."

ப்ளீச் என்றதும் என் பையைத் திரும்பிப் பார்த்தேன். முதல் வாரமே கண்டக்டர், "என்ன குரு, பையில கருவாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். அன்று இறங்கியதுமே ப்ளீச் வாங்கி ஒரு மூடி ஊற்றினேன்; அதிலிருந்து, தண்ணீர் நிரப்பியதும் ஊற்றிவிடுவேன். நாற்றமும் போகும், கிருமியும் சாகும் என்று நானாகச் செய்தது.

சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அவருடைய ஆராய்ச்சி நின்றுபோகும். கையிலிருந்த இரண்டு பாட்டிலையும் கழுவி முடித்துவிட்டுப் போய்ச் சொன்னேன்.

மேடம் சாப்பாட்டு டப்பாவைத் தள்ளிவைத்தார். "அஞ்சு வாரம்ணா," என்றார். பிறகு, "எதுக்குனு உங்களுக்கு நானும் சொல்லலையே. நாளைக்கு வெறும் தண்ணி கொண்டு வாங்க."

மறுநாள் கொண்டுபோனேன். பஸ்ஸில் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாள் மேடம் தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வெள்ளைப் படலத்தில் ஊசி குத்தின மாதிரி ஏழு ஓட்டைகள். அதை எடுத்துக்கொண்டு பெரிய சாரின் அறைக்கு ஓடினார்.

அவர் போனபின், என் பையின் அடியில் கிடந்த சின்ன ப்ளீச் பாட்டிலை எடுத்தேன். மிச்சமிருந்ததைக் கக்கூஸில் ஊற்றிவிட்டு, காலி பாட்டிலை மூன்று தடவை அலசிக் கவிழ்த்துவைத்தேன்.