தோமாஸ் வெளியே வரும்வரை

ஆபிதா ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது நட்டிலும் போல்ட்டிலும்தான். தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் அவள் ஸ்டோர் கீப்பர். பழவேற்காட்டில் நண்டும் கருவாடும் ஏற்றி அனுப்பும் குடும்பத்தில் பிறந்தவள். சஹாபுதீனைக் கட்டிக்கொண்டு பொன்னேரிக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அவருக்கு பஜாரில் துணிக்கடை. இவளுக்குக் காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனி ஒரு பழைய இயந்திரத்தை வாங்கியது. ஸ்பெயினில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து கப்பலில் வந்தது. முப்பதடி நீளத்தில் ஓர் இரும்பு உருளை. உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கலாம். உள்பக்கம் ரப்பர் ஒட்டிய பெரிய குழாய்களைத் தண்டவாளத்தில் உருட்டி உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, நீராவியைத் திறந்துவிட்டால் ரப்பர் வெந்து குழாயோடு பிடித்துக்கொள்ளும். ஆட்கள் அதற்கு வைத்த பெயர் குக்கர்.

அதை நிறுத்திப் பொருத்த ஸ்பெயினிலிருந்து மூன்று ஃபிட்டர்கள் வந்து நாற்பது நாள் இருந்தார்கள். ஸ்டோர் ஜன்னலில் நின்று கையைக் காட்டிக் காட்டிச் சாமான் கேட்டார்கள். நாற்பதாம் நாள் அவர்கள் கிளம்பும்போது, அவர்கள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு ஆபிதாவுக்கு அந்தப் பாஷை வந்திருந்தது. அவர்கள் விட்டுப்போன மரப்பெட்டியில் இயந்திரத்தோடு கூடவே வந்த நான்கு தடித்த நோட்டுகள் இருந்தன. நீல அட்டை, எண்ணெய்க் கறை, பக்கம் பக்கமாகக் கையெழுத்து. அந்தத் தொழிற்சாலை ஆட்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு எழுதிவைத்த பதிவுகள்.

மேனேஜர் பரசுராமன் நோட்டுகளைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார்.

"போன்ல போட்டோ எடுத்து தமிழ்ல மாத்திப் பாத்தாச்சும்மா. பாதி புரியுது, பாதி இன்னா சொல்லுதுன்னே தெரியல. எப்போ எந்த பார்ட்ட மாத்துனாங்கன்னு நமக்குத் தெரியணும். நீதான் அவங்களோட பேசிக்கினு இருந்த. ஒழுங்கா கத்துக்கோயேன், கம்பெனியே கிளாஸுக்கு ஏற்பாடு பண்ணும்."

அப்படித்தான் ஹெலன் வந்தாள். பெரம்பூரில் இருக்கும் இருபத்தாறு வயதுப் பெண். காலை ஐந்தரைக்கு போனில் வகுப்பு. ஆபிதா போனை அரிசி டப்பாவின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே படித்தாள். முதல் வருஷம் லேசாகப் போனது. இரண்டாம் நிலைக்கு வந்ததும் வினைச்சொற்கள் காலைப் பிடித்து இழுத்தன.

"அக்கா, அவங்களுக்கு நடந்துபோனத சொல்ல ரெண்டு விதம் இருக்குது" என்றாள் ஹெலன். "சலியோன்னா வெளிய வந்தான். ஒரு தடவ வந்தான், முடிஞ்சுபோச்சு. சலீயான்னா வெளிய வருவான். அந்தக் காலத்துல தெனமும் வந்துகினு இருந்தான். எப்போ ஆரம்பிச்சுது, எப்போ முடிஞ்சுதுன்னு அதுல கெடயாது."

ஆபிதா மாவிலிருந்து கையை எடுத்தாள்.

"எங்க வாப்பா சாயங்காலமானா படகு எடுத்துக்கினு ஏரிக்குப் போவாரு. ஒரு நாள் போனாரு."

"கரெக்ட் அக்கா! மொதல்ல சொன்னது ஒண்ணு, ரெண்டாவது சொன்னது இன்னொண்ணு. நல்ல உதாரணம்."

அது உதாரணம் இல்லை. அவளுக்குப் பதினொரு வயதில் நடந்தது. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. சாவைக் குறிக்கும் "மௌத்" என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்க உம்மா விடவில்லை. கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தாவை இருக்க மறுத்துவிட்டாள். "திரும்ப மாட்டாருன்னு எனக்கு யாரு சொன்னா?" என்று ஜமாத்துப் பெரியவர்களிடமே கேட்டாள். நான்கு மாதம் அந்த வீட்டு வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஸ்டோரில் உட்கார்ந்து நோட்டுகளைப் படிக்க ஆரம்பித்தாள். முதல் இரண்டும் ஒரு மாதிரிதான். என்ன மாற்றினார்கள், எத்தனை மணிக்கு நீராவி விட்டார்கள் என்பதே. உள்ளே யாராவது சுத்தம் செய்யப் போனால் அதையும் எழுதியிருந்தார்கள். என்ட்ரோ தோமாஸ் என்று ஒரு மணி, தோமாஸ் உள்ளே போனான். சலியோ தோமாஸ் என்று இன்னொரு மணி, தோமாஸ் வெளியே வந்தான். பெரும்பாலும் தோமாஸ்தான் போனான். அவன் கையெழுத்தையும் அவள் அடையாளம் கண்டுகொண்டாள். தன் பெயரின் 'T' எழுத்தில் குறுக்குக் கோட்டைப் பக்கத்துக்கு வெளியே ஓடும்படி இழுப்பான்.

மூன்றாவது நோட்டில் ஒரு நவம்பர் தேதி. என்ட்ரோ தோமாஸ், பகல் ஒன்று நாற்பது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அடுத்த பதினோரு பக்கங்கள் வெறுமை.

அதற்குப்பின் வேறொரு கையெழுத்தில் பதிவுகள் திரும்பவும் தொடங்கின. ஒவ்வொரு ஷிஃப்டின் முடிவிலும் ஒரே வரி. நான்காவது நோட்டின் கடைசிவரை, ஒன்பது வருஷத்துக்கு, ஒரு நாள் விடாமல் அந்த வரி இருந்தது. போன் அதைத் தமிழில் இப்படிக் காட்டியது: தோமாஸ் வெளியே வரும்வரை கதவு பத்து நிமிடம் திறந்திருக்கிறது.

பரசுராமன் அதை முன்பே பார்த்திருந்தார். "எவனோ லேட்டா வர்ற ஆப்பரேட்டரும்மா. அவன் வர்ற வரைக்கும் தொறந்து வெச்சிருக்கானுங்க. இதெல்லாம் நமக்கு எதுக்கு?"

ஆபிதா அந்த வரியை எழுதி ஹெலனுக்கு அனுப்பினாள். மறுநாள் வகுப்பில் ஹெலன் அந்த வரியிலிருந்தே ஆரம்பித்தாள்.

"அக்கா, தமிழ்ல 'வரும்வரை'ன்னா அவன் வந்தானா வரலியான்னு தெரியாது. வந்திருந்தாலும் அதான், வராட்டியும் அதான். ஸ்பானிஷ்ல அப்படி இல்ல. அவன் வந்திருந்தா 'ஆஸ்தா கே சலியோ'ன்னு எழுதணும். இதுல 'சல்கா'ன்னு போட்டிருக்குது. இன்னும் நடக்காத விஷயத்துக்குத்தான் அது வரும்."

"அப்போ?"

"அவன் இன்னும் வெளிய வரல அக்கா."

"ஒம்போது வருஷமாவா?"

"எழுதுனவங்க அப்படித்தான் எழுதியிருக்காங்க."

அன்று மத்தியானம் தொடங்கி ஆபிதா நான்காவது நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து மூன்றாவது நோட்டின் அந்த நவம்பர்வரை பின்னோக்கி, வரி வரியாக விரல் வைத்துத் தேடினாள். எங்காவது ஒரு சலியோ தோமாஸ் இருக்கும் என்று நினைத்தாள். அந்த நவம்பருக்குப் பிறகு இல்லவே இல்லை.

அவளைக் கலங்கவைத்த இன்னொன்றும் இருந்தது. குக்கர் தட்டும். வந்து பொருத்திய முதல் மாதத்திலிருந்தே தட்டியது. கதவைச் சாத்தினால், நீராவி விடுவதற்கு முன்னால், உள்ளே தூரத்து முனையிலிருந்து இரும்பில் இரும்பு படுகிற மாதிரி மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. தகடு இறுகுகிற சத்தம் என்று சொல்லி எல்லோரும் பழகிப்போனார்கள். ஆப்பரேட்டர் வரதன் அதைக் கேட்டால்தான் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறது என்பான்.

ஆபிதா பரசுராமனிடம் போனாள். "சார், ஷிஃப்ட் முடிஞ்சா பத்து நிமிஷம் நாமளும் கதவ தொறந்து வெக்கலாம்."

"எதுக்கு?"

ஒரு வினைச்சொல்லைக் காட்டி எப்படிக் கேட்பது? பரசுராமன் சிரித்துவிட்டு, "படிப்பு ஜாஸ்தியாயிடுச்சு ஒனக்கு" என்றார்.

அது நடந்தது ஆடி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு மணிக்கு முதல் ஷிஃப்ட் முடிந்தது. வெளியே வெயில் தகரத்தில் ஏறிக் கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் ஜன்னலில் வரிசையாக நின்று சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தபிறகு ஆபிதா பதிவேட்டைப் பார்த்தாள். ஒரு நெற்றி விளக்கும் ஒரு சுரண்டியும் திரும்பி வரவில்லை. வாங்கியவர் கோபால். ஐம்பது வயதுக்காரர். குக்கருக்குள் தரையில் ஒட்டிய ரப்பரைச் சுரண்டுவது அவர் வேலை. எப்போதும் இரண்டு பேராகத்தான் உள்ளே போக வேண்டும். அவரோடு போகிறவர் அன்று லீவு.

பஸ் ஹாரன் அடித்தது. கோபால் பஸ்ஸில் ஏறிவிட்டாரோ என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். இல்லை. அங்கிருந்து அவள் ஓடினாள்.

அடுத்த லோடுக்கு முன்னால் வெறும் குக்கரைச் சூடேற்ற, வரதன் உள்ளே எட்டிப் பார்க்காமலே கதவைச் சாத்திப் பூட்டு வளையத்தை முறுக்கி முடித்திருந்தான். நீராவி வால்வில் அவன் கை இருந்தது. உள்ளேயிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

"வரதா, கதவ தொற."

"இன்னாக்கா? அது எப்பவும் தட்றதுதானே."

"கோபாலண்ணன் எங்க?"

"ஊட்டுக்குப் போயிருப்பாரு."

"வௌக்கு வரல. சுரண்டி வரல. தொறடா!"

அவன் தயங்கினான். ஆபிதா கையை நீட்டிச் அவசரத்துக்கான சிவப்புப் பொத்தானை அடித்தாள். விசில் அலறியது. வரதன் முகம் வெளுத்துப்போய் வளையத்தைத் திருப்பினான்.

கதவு திறந்தபோது கோபால் கதவிலிருந்து இரண்டடி உள்ளே கவிழ்ந்து கிடந்தார். மூச்சு இருந்தது. இரண்டு பேர் அவரைத் தூக்கி வெளியே கிடத்தினார்கள். அவர் கையில் ஒன்றும் இல்லை. நெற்றி விளக்கும் சுரண்டியும் தூரத்து முனையில், கிட்டத்தட்ட முப்பதடி தள்ளிக் கிடந்தன. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஆபிதா உள்ளே பார்த்தாள். யாரும் இல்லை.

ஆனால் கதவு திறந்தபிறகும் ஒரு தடவை தட்டும் சத்தம் கேட்டதாக வரதன் பிற்பாடு சொன்னான். அது ஆபிதாவின் காதிலும் விழுந்தது.

மறுநாள் பொன்னேரியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். கோபால் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சின்னப்பொண்ணு. ஆபிதாவைப் பார்த்ததும் எழுந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ கேட்டியாமே, அவரு தட்னத. தாயே, நீ நல்லா இருக்கணும்."

"நான் தட்டல" என்றார் கோபால்.

சின்னப்பொண்ணு திரும்பினாள். "இன்னாய்யா சொல்ற?"

"அந்தக் கடைசியில சுரண்டிக்கினு இருந்தேன். ரப்பர் நாத்தம், தலய சுத்துச்சு, உழுந்துட்டேன். கை கால் அசையல. ஆனா காது கேட்டுது. என் பக்கத்துல, தோ இவ்ளோ கிட்ட, ஒர்த்தன் ஒக்காந்து தட்டிக்கினு இருந்தான். அப்புறம் என் சட்டைய புட்ச்சு இழுத்தான். இழுத்துக்கினே வந்தான். கதவாண்ட வர்ற வரிக்கும் ஒண்ணத்தையே சொல்லிக்கினு இருந்தான்."

"இன்னா சொன்னான் அண்ணே?" ஆபிதா கட்டிலோரம் குனிந்தாள்.

"யா போய், யா போய்ன்னான். எங்கடா போறது, கதவுதான் சாத்திக்கீதேன்னு நெனச்சேன். அவ்ளோதான் தெரியும்மா."

மயக்கத்தில் இப்படியெல்லாம் தோன்றும் என்று டாக்டர் சொன்னதாகச் சின்னப்பொண்ணு சொன்னாள். ஆபிதா தலையாட்டினாள். யா போய் என்றால் 'தோ, வந்துட்டேன்' என்று அர்த்தம். முதல் நிலையின் மூன்றாவது பாடத்திலேயே வரும், கூப்பிட்டவருக்குப் பதில் சொல்வதற்கு. கோபாலுக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஃபிட்டர்கள் வந்திருந்த நாற்பது நாளும் அவர் இந்தக் கம்பெனியிலேயே இல்லை. அதைச் சொல்லி அந்த மனிதரின் தூக்கத்தைக் கெடுப்பானேன்?

அந்த வாரமே பரசுராமன் அவளைக் கூப்பிட்டார். கண்ணைப் பார்க்காமல், "பத்து நிமிஷம்னு சொன்னல்ல? வெச்சிக்கலாம். காத்தோட்டத்துக்குன்னு எழுதிடறேன்" என்றார். தனியாக உள்ளே போனால் வேலை போய்விடும் என்று நோட்டீஸும் ஒட்டினார்.

அன்றிலிருந்து குக்கர் தட்டவில்லை. முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு வரதன் காதை இரும்போடு வைத்துக் கேட்டான். சத்தமே இல்லை. அதுவே அவனுக்குப் பேஜாராக இருந்தது. "தட்னப்போகூட பயமில்லக்கா, இப்போதான் ஒரு மாதிரி கீது" என்றான்.

நான்காவது நோட்டின் கடைசியில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுதுவது தன் பொறுப்பு என்று ஆபிதாவுக்குத் தோன்றியது. கோபாலுக்கு எழுதுவது சுலபம். என்ட்ரோ, சலியோ, தேதி, மணி. அடுத்த வரிக்குப் பேனா ஓடவில்லை. சலியோ தோமாஸ் என்று எழுத அவள் கண்ணால் எதையும் பார்க்கவில்லை. சல்கா என்று எழுதவும் மனம் வரவில்லை. அந்த ஆள் "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டானே.

ஒரு மாதம் அந்தப் பக்கம் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு காலை ஹெலன் புதுப் பாடம் எடுத்தாள். நடந்து முடிந்திருக்கலாம், ஆனால் நமக்குத் தெரியாது, நடந்திருக்க வேண்டும் என்று மட்டும் ஆசைப்படுகிறோம், அதற்கென்றே ஸ்பானிஷில் ஒரு வடிவம் இருக்கிறது என்றாள். அதற்கு முன்னால் வழக்கமாக வருகிற சொல் ஓஹலா.

"அரபு பேசுனவங்க அங்க ஆண்ட காலத்துல வந்த வார்த்த அக்கா. அல்லா நாடினால்னு அர்த்தமாம்."

"இன்ஷா அல்லாஹ்வா?"

"அதுக்குச் சொந்தம்தான்."

ஆபிதா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த வாக்கியத்தை இரண்டு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். மத்தியானம் நோட்டைத் திறந்து எழுதினாள்: ஓஹலா ஆயா சலீதோ தோமாஸ். தோமாஸ் வெளியே வந்திருக்கட்டும்.

அடுத்து வந்த ரமலான் மாதத்தில் பழவேற்காட்டுக்குப் போயிருந்தபோது, வாப்பாவுக்காக துஆ கேட்கையில் முதன்முறையாக அவள் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மக்ஃபிரத் என்னும் பாவமன்னிப்பைக் கேட்டாள், இறந்தவர்களுக்குக் கேட்பதுபோல். உம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். தடுக்கவில்லை.

கோபால் இப்போது ஸ்டோரில் ஆபிதாவோடு வேலை செய்கிறார். குக்கர் பக்கம் போவதில்லை. பரீட்சையில் ஆபிதா பாஸாகி, அடுத்த நிலை படித்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு மணிக்குக் கதவு திறக்கிறது. சூடு வெளியே வருகிறது. ஒரு ஷிஃப்ட் போகிறது, ஒரு ஷிஃப்ட் வருகிறது. அந்தப் பத்து நிமிடமும் ஆட்கள் சுவரோரமாகவே நடக்கிறார்கள். குக்கர் கதவுக்கு நேரே, ஷெட் வாசல்வரைக்கும், ஒரு ஆள் அகலத்துக்குத் தரை காலியாக இருக்கிறது. அங்கே நிற்கக் கூடாது என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை.