ஹோலுக்குள் கடல் வைத்துக் கொடுத்தேன்

மீன்தொட்டி போட்டுக் கொடுக்கிறவனுக்கும் கல்யாணத் தரகனுக்கும் ஒரே விதிதான்: பொருந்தினால் வீட்டுக்காரரின் கெட்டித்தனம், பிழைத்தால் பிழை முழுக்க எங்கள் தலையில்.

நீங்களும் எப்போதாவது வீட்டில் கடல்மீன் வளர்க்க ஆசைப்பட்டு, ஒரு கிழமைக்குள் வாளியும் கையுமாக வீட்டின் பின்னால் கோடிப்புறம் போய்க் குழி வெட்டினவர் என்றால், கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். உங்களுக்கு ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு கண்ணாடிக் கடை இருந்தது. சாமிப் படங்களுக்கும் பட்டமளிப்புப் படங்களுக்கும் சட்டம் போடுவேன். யன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவேன். எழுபதுகளின் கடைசியில் வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியபோது, கண்ணாடியைக் கண்ணாடியோடு தண்ணி ஒழுகாமல் ஒட்டுகிற ஒரு பசையும் வந்து சேர்ந்தது. அந்தப் பசைதான் என்னைக் கெடுத்தது.

சொதிக்கும் ஆகாத பதினொன்று

ஒரு நாள் எங்கள் ஊர்ப் பிரக்கிராசியார், அதுதான் வக்கீல், கோட்டில் வழக்கு முடிந்து வரும் வழியில் கடைக்குள் வந்தார். ஒரு கையில் கறுத்தக் கோட், மற்றக் கையில் லண்டனில் இருக்கும் மகன் அனுப்பிய ஆங்கிலச் சஞ்சிகை. நடுப்பக்கத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரனுடைய வீட்டு ஹோல், ஆட்களை இருத்தும் முன்கூடம். அதில் ஆள் நீளத்துக்கு ஒரு தொட்டி, உள்ளே செம்மஞ்சளும் நீலமுமாகக் கடல்மீன்கள். "இதைப்போல ஒண்டு என்ரை ஹோலுக்கு வேணும். காத்தடிக்கிற மோட்டரை மகன் அனுப்புறான். மிச்சத்தை நீர் பாரும்" என்றார். நான் ஓம் என்றேன். அதுவரைக்கும் நான் வளர்த்த ஒரே பிராணி ஆடு.

முதலில் என் வீட்டில் பழகிப் பார்ப்போம் என்று ஒரு சின்னத் தொட்டி ஒட்டினேன். கீரிமலைக்குப் போய் நாலு கானில் கடல் தண்ணி அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன். நான் ஏதோ செத்தவீட்டுக் கிரியைக்குத் தீர்த்தம் கொண்டு போவதாக நினைத்த சனம், முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு இடம் விட்டுத் தந்தது. அன்று பின்னேரமே தண்ணியை ஊற்றி, கரையில் பிடிப்பித்து வைத்திருந்த பதினொரு மீன்களையும் விட்டேன். முதல் நாள் ஓடித் திரிந்தன. இரண்டாம் நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நாலாம் நாள் விடிய, பதினொன்றும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. என் மனைவி பரமேஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நேற்றைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா சொதியாவது வைச்சிருப்பன்."

நிபுணரிடம் போனேன்

அந்த மீன்களைப் பிடித்துத் தந்தவர் நவம். மயிலிட்டிக் கரையில் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிற குடும்பம். என்னிலும் ஐந்து வயது குறைவு. தண்ணி வற்றும் நேரம் பார்த்துக் கல்லுகளுக்கு நடுவில் முழங்காலளவில் நடந்து, சின்னக் கைவலையால், செட்டையில் ஒரு கீறலும் விழாமல் மீன் எடுப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. செத்ததற்குக் காரணம் கேட்க அவரைத் தேடிப் போனேன். உப்புக் காணாதோ, சூடு கூடிப்போச்சோ, மீனுக்கு ஏதும் வருத்தம் வியாதியோ என்று நானே காரணங்களை அடுக்கினேன். மணலில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த நவம் நிமிராமலே சிரித்தார். "அண்ணை, செத்த மீனைப்பற்றிக் கேளுங்கோ, எவ்வளவும் சொல்லுறன். உயிரோடை வைச்சிருக்கிறது எங்கடை தொழில் இல்லையே."

தண்ணிக்குத் தவணை

வேறு வழியில்லாமல் பிரக்கிராசியாரின் சஞ்சிகையை இரவல் வாங்கி, அகராதியும் கையுமாக இரண்டு கிழமை இருந்தேன். விசயம் பிடிபட்டது. மீனின் கழிவு தண்ணிக்குள் நஞ்சாகிறது. அந்த நஞ்சைத் தின்று தீர்க்கக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மணலிலும் கல்லிலும் ஊற வேண்டும். அவை ஊறுவதற்கு ஆறு கிழமையாவது, நாற்பது நாளுக்கு மேல், பிடிக்கும். அதற்குப் பிறகும் என் வீட்டில் மூன்று தரம் குழி வெட்டித்தான் இதை நான் முழுக்க நம்பினேன். ஆறு கிழமையும் பொறுத்து, அடுத்த தரம் விட்ட நீலக் குஞ்சுகள் இரண்டும் சாகவில்லை. அப்போதுதான் பிரக்கிராசியார் வீட்டுக்குப் பெரிய தொட்டியைக் கொண்டு போனேன்.

ஹோலின் நடுவில் தொட்டி, தொட்டி நிறையத் தண்ணி, அடியில் மணல், நாலு கல், குமிழி விடும் மோட்டர். மீன் மட்டும் இல்லை. ஆறு கிழமை பொறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வருகிற சனமெல்லாம் தொட்டிக்குள் குனிந்து தேடிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். நாலாவது கிழமை பிரக்கிராசியார் நேரே கடைக்கு வந்துவிட்டார். "முப்பது வருசமாய்க் கோட்டிலை மற்றாக்களின்ரை வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை வாங்கிக் குடுக்கிறவன் நான். நீர் என்னட்டை வந்து தண்ணிக்குத் தவணை கேக்கிறீர்."

அளவிலே பிழை இல்லை

ஆறு கிழமை முடிந்து மீன் விட்டோம், மீன் பிழைத்துக்கொண்டது. நல்ல அர்த்தத்தில்தான் சொல்லுகிறேன். பிரக்கிராசியார் வீட்டில் இருக்கிற ஒன்று தங்கள் வீட்டில் இல்லாமல் இருப்பதைத் தாங்க முடியாத ஒரு கூட்டம் எங்கள் பக்கம் எப்போதும் உண்டு. அதில் முதலாவதாக வந்தவர் நெல்லியடியில் காணி அளக்கிற சேவையராக இருந்து பென்சன் எடுத்தவர். தொட்டியில் தண்ணி எந்த மட்டத்தில் நிற்க வேண்டுமோ அந்த மட்டத்தில் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு கீறினார். வெயில் காலம். தண்ணி ஒவ்வொரு நாளும் விரற்கடை இறங்கும். ஒவ்வொரு நாளும் பருத்தித்துறையில் இருந்து கடல் தண்ணி எடுப்பித்து, கோடுவரைக்கும் நிரப்பி, கொப்பியில் எழுதி வைத்தார்.

இரண்டு மாதத்தில் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மீன்கள் மணலில் படுத்துவிட்டன. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். ஆனையிறவு உப்பளத்துக்குள் நின்றதுபோல இருந்தது. "ஐயா, போறது தண்ணி மட்டும்தான், உப்புப் போகாது. குறையிறதுக்குக் கிணத்துத் தண்ணிதான் விடவேணும். நீங்கள் உப்புக்கு மேலை உப்பு விட்டிருக்கிறியள்" என்றேன். அவர் கொப்பியை விரித்துக் காட்டினார். அறுபத்துமூன்று நாளும் ஒரு நாள் பிசகவில்லை. "ஐசே, இருபத்தெட்டு வருசம் காடு கரம்பையெல்லாம் அளந்தவன் நான். என்ரை அளவிலை பிழை இல்லை. உம்முடைய மீனிலைதான் பிழை."

சைவத் தொட்டி

அளவெட்டியில் ஒரு சங்கீத ரீச்சர். தனியாக இருந்தார், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்று தொட்டி கேட்டார். ஏழு நீலக் குஞ்சுகளோடு, புள்ளி விழுந்த ஒரு கலவாய்க் குஞ்சையும் தானே பார்த்து ஆசைப்பட்டு எடுத்தார். அதற்கு இறாலை அரிந்து போட வேண்டும் என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. இறால் அந்த வீட்டுப் படி ஏறியதில்லையாம். ஊறப்போட்ட பயறும் சோற்றுப் பருக்கையும் போட்டார். வெள்ளிக்கிழமைகளில் அதுவும் ஒரு நேரம்தான். "எங்கடை வீட்டுக்கு வந்தா எங்கடை பழக்கத்துக்கு வரத்தானே வேணும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வியாபாரம் போய்விடும்.

மாதத்துக்கு ஒருமுறை தொட்டி துடைக்கப் போவேன். முதல் மாதம் நீலக் குஞ்சு ஐந்து. இரண்டாம் மாதம் மூன்று. மூன்றாம் மாதம் ஒன்று. கலவாய் நல்ல கொழுகொழு என்று வளர்ந்து, கண்ணாடிக்குக் கிட்ட வந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றது. நான் ரீச்சரைப் பார்த்தேன். ரீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, அது தானாப் பிடிச்சுச் சாப்பிட்டா எங்களுக்குப் பாவம் இல்லைத்தானே?"

கடற்பூ

பிரக்கிராசியாரின் மகளைப் பெண் பார்க்கக் கொழும்பில் இருந்து ஒரு மாப்பிள்ளைப் பகுதி வர இருந்தது. சஞ்சிகைப் படத்தில் ஒரு கடற்பூ இருந்தது. பூ என்பது பேருக்குத்தான். கல்லில் ஒட்டிக்கொண்டு நூறு விரலை விரித்துக் கிடக்கிற ஒரு பிராணி அது. அதற்குள்தான் செம்மஞ்சள் மீன் ஒன்று படுத்துக் கிடக்கும். மாப்பிள்ளை வீட்டார் வரமுன் அது வேண்டும் என்று பிரக்கிராசியாரின் மனைவி ஒற்றைக்காலில் நின்றுவிட்டார். நவம் இரண்டு நாள் தேடி, கல்லோடு சேர்த்து ஒன்றை எடுத்து, வாளியில் வைத்து, மயிலிட்டியில் இருந்து மடியில் தாங்கிக்கொண்டே என்னோடு வந்தார். வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்: கல்லு ஆடக் கூடாது, அடி கிழியக் கூடாது, தானே நின்று வைத்துத் தருவதாக.

வாசலில் அந்த அம்மா சீலைத் தலைப்பை மூக்கடிக்குக் கொண்டு போனார். "தம்பி, அவரைப் பின்பக்கம் நிக்கச் சொல்லுங்கோ. ஹோலுக்குள்ளை வந்தா மணக்கும்." நவத்துக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார். நான் "ஓம் அக்கா" என்றேன். நவம் வாளியை என் கையில் தந்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் நடந்தார். நான் கல்லைத் தூக்கினேன். கை வழுக்கியது, கல் சரிந்தது, பூவின் அடி கொஞ்சம் கிழிந்ததை நான் கண்டேன், காணாததுபோல வைத்தேன். பூவின் விரல் பட்ட புறங்கை தடித்து இரண்டு நாள் எரிந்தது. ஆனால் தொட்டியில் இருந்த செம்மஞ்சள் மீன் போய் அதற்குள் படுத்துக்கொண்டது. அந்த அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "எவ்வளவு வடிவு. உது கடலுக்கை கிடந்ததெண்டு ஆர் சொல்லுவினம்?"

முன்வாசல்

நாலாம் நாள் காலமை பிரக்கிராசியாரின் கார் என் கடை வாசலில் நின்றது. அவர் வீட்டில் போய் இறங்கும்போதே, வாசல் படலையடியில் மணத்திலேயே தெரிந்துவிட்டது. கடற்பூ செத்து அழுகினால் எப்படி மணக்கும் என்று சொல்லி விளக்க முடியாது. சாகக் கிடக்கிறவனும் எழும்பி வெளியே போவான். தொட்டித் தண்ணி பால்போல இருந்தது. மீன்கள் மேலே வந்து திணறிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் வருகிறார்கள். "உம்மடை ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்று பிரக்கிராசியார் அதே காரை மயிலிட்டிக்கு விட்டார்.

நவம் அப்போதுதான் கடலால் கரைக்கு வந்திருந்தார். மாட்டேன் என்று சொல்லுவார் என்றே நினைத்தேன். அவரோ கான்களில் புதுத் தண்ணி அள்ளிக் காரின் பின்பெட்டியில் ஏற்றிவிட்டு, கட்டின சாரத்தோடேயே வந்து ஏறினார். வீட்டில் இறங்கினதும் கிணற்றடிப் பக்கம் திரும்பி நடந்தார். முன்வாசலில் நின்ற அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே கூப்பிட்டார்: "இஞ்சாலை வாங்கோ தம்பி, இஞ்சாலை வாங்கோ." நவம் காலைக் கழுவிவிட்டு உள்ளே போனார். தோள்வரை கையை விட்டு, அழுகினதை வழித்து வழித்து எடுத்தார். மீன்களை வாளிக்கு மாற்றி, பாதித் தண்ணியை வெளியே இறைத்து, புதுத் தண்ணி விட்டு முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டு மீன் போய்விட்டது, மிச்சம் தப்பியது. அந்த அம்மா நல்ல கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். நவம் வாங்கி, நின்றபடியே குடித்து முடித்து, கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "அக்கா, ஹோலுக்குள்ளை நான் வந்தா மணக்குமெண்டு சொன்னனீங்கள். நான் இண்டைக்குத்தான் வந்தனான்."

காருக்குள்

மறுநாள் வந்த மாப்பிள்ளை வீட்டார் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்களாம். அது பிறகு கேள்விப்பட்டது. தொட்டி துப்புரவாக்கின அன்று பொழுதுபட நவத்தைத் திருப்பிக் கொண்டுபோய் விட நானும் காரில் போனேன். கார் தெல்லிப்பழை தாண்டியது. நான்தான் பேச்சைத் தொடங்கினேன்: "மனதிலை வைச்சிருக்காதை நவம். அந்த அக்கா அப்பிடித்தான்." நவம் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கரைச்சலாக இருந்தது. "அக்கா சொன்னவா, சரி. ஓம் எண்டு சொன்னது ஆர் அண்ணை?"

முகம்

ஒரு மாதம் நான் அந்தக் கரைப்பக்கம் போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லிக் கேட்டேன். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, வெள்ளை வேட்டியும் சேட்டுமாக, பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பரமேஸ் வாசலுக்குப் போய்க் கூட்டிவந்தாள். சாப்பிட்டு முடிந்ததும் என் சின்னத் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தினேன். அவரே பிடித்துத் தந்த நீலக் குஞ்சுகள்தான், வளர்ந்திருந்தன. நவம் முன்னுக்குச் சரிந்து, கண்ணாடியில் மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் போனார். ஒரு மீன் வந்து அவருக்கு நேரே நின்றது. அதைப் பார்த்தபடியே சொன்னார்: "சின்ன வயதிலை இருந்து இதுகளைப் பிடிக்கிறன் அண்ணை, மேலை நிண்டு முதுகைத்தான் பாத்தனான். முகம் இப்பதான் பாக்கிறன்."

உப்புத்தண்ணியில் மீனைப் பழக்கி எடுக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. மீன் வைத்திருக்க மனிசரைப் பழக்கி எடுப்பது, என்னையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன், கடையைப் பூட்டும் வரைக்கும் முடியவேயில்லை.